ஆகாயத்துக்கு ஓர் எர்த்

கொல்லைப்புறச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டுக்கு எந்த வீட்டிலும் நாதி கிடையாது. கூடத்து ஸ்விட்ச் போர்டை நாள் கிழமை வந்தால் துடைப்பார்கள், ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். கொல்லையில் இருப்பது கத்திரி வெயிலில் காய்ந்து, ஐப்பசி அடைமழையில் ஊறி, பிச்சாவரம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் ஸ்குரூவெல்லாம் துருவேறிக் கிடக்கும். ஆனால் தென்னைக்குத் தண்ணீர் விடும் அரை ஹெச்.பி. மோட்டாரும் புல் வெட்டும் மிஷினும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

எங்கள் சிதம்பரத்தில் அதற்கு மழைக்கவசம் என்றால் பெரும்பாலும் பாலிதீன் கவர்தான். தெருக்கோடி வீட்டில் பெயின்ட் வாளியைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஜவுளிக்கடைப் பை. ‘நன்றி, மீண்டும் வருக’ என்ற எழுத்து வெளியே தெரிகிற மாதிரி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. மழை அதைப் படித்துவிட்டுத்தான் வருஷாவருஷம் உள்ளே வந்துகொண்டிருந்தது போலிருக்கிறது.

உண்மையில் மழை முகத்துக்கு நேரே வருவதைவிட வயர் வழியாக வருவதுதான் அதிகம். வயரை மேலிருந்து இறக்கி பிளக்கில் செருகினால், தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே இறங்கி நேராகப் பின்னில் வந்து நிற்கும். பாயின்ட்டுக்குக் கீழே வயரை ஒரு சாண் தொங்கவிட்டு, அப்புறம் மேலே ஏற்றிச் செருகினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும். பைசா செலவில்லாத வேலை. அதனாலேயே யாரும் செய்வதில்லை.

மழை விட்டால் குளவி. பிளக் ஓட்டையின் அளவு அதற்கென்றே கடைந்தது என்று நினைத்துக்கொள்ளும். மண்ணைக் குழைத்து வந்து, உள்ளே ஒரு புழுவைத் திணித்து, வாயைப் பூசி மூடிவிடும். மெயினை அணைத்துவிட்டு, காய்ந்த மூங்கில் குச்சியோடு நான் போனால் அம்மா கையைப் பிடிப்பாள். “கலைக்காதடா. குளவி கூடு கட்டினா வீட்டுல குழந்தை பிறக்கும்.” எங்கள் கடைக்குட்டி பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறான். என் மனைவி கூட்டை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குளவி காலி செய்யும்வரை மோட்டாருக்கு அடுப்படி ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நீண்டது, அங்கங்கே இன்சுலேஷன் டேப்பால் கட்டுப் போட்டுக்கொண்டு.

மூன்று ஓட்டையில் மேலே பெரிதாக இருப்பது எர்த். பிளக்கிலும் அந்தப் பின் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமன். செருகும்போது கரண்ட்டுக்கு முந்தி எர்த் தொட வேண்டும், பிடுங்கும்போது அதுதான் கடைசியில் விட வேண்டும் என்பதற்காக அந்த நீளம். இந்த உருண்டைப் பின் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அவன் தன் ஊரில் 1947-இல் சப்பைப் பின்னுக்கு மாறத் தொடங்கினான். அதே வருஷம்தான் நம்மையும் விட்டுப் போனான். உருண்டைப் பின்னை நாம் விடவில்லை. அதன் எர்த்தை மட்டும் விட்டுவிட்டோம். ஸ்குரூடிரைவரை மேல் ஓட்டையில் விட்டு உள்மூடியைத் திறந்து, வெறும் வயர் இரண்டைத் தீக்குச்சி வைத்துச் சொருகும் கலையில் நம்மவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பாக்ஸைக் கழற்றினார். பெரிய ஓட்டைக்குப் பின்னால் இருக்கவேண்டிய பச்சை வயரைக் காணோம். “பாத்துக்கோங்க சார், சிதம்பர ரகசியம்” என்றார். நடராஜர் சந்நிதியில் திரையை விலக்கினால் வெற்றிடத்தில் தங்க வில்வ மாலையாவது தொங்கும். இங்கே பல்லி முட்டை இரண்டு. பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்குக் காஞ்சிபுரம், நமக்கு ஆகாயம். முன்பு வேலை பார்த்தவர் ஊர்ப் பெருமை அறிந்தவர் போலும், எர்த்தை ஆகாயத்திலேயே விட்டிருக்கிறார்.

“இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே” என்றாள் அம்மா. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, மாவட்டம் முழுக்கக் கம்பங்களைச் சாய்த்துப்போட்டதே, அப்போது வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்கள் உண்டு. கொல்லைப்புற பாயின்ட்டுகள் முழுப் பாதுகாப்போடு இருந்தது அந்த நாட்களில்தான் என்று நினைக்கிறேன்.

தம்பி குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார். வெயில் காலத்தில் மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது, அவ்வப்போது குழியில் தண்ணீர் ஊற்றுங்கள் என்றார். ஆக, தென்னைக்குத் தண்ணீர் விட மோட்டார், மோட்டாருக்கு எர்த், எர்த்துக்குத் தண்ணீர். பிளக் செருகிய பிறகும் மூடக்கூடிய ஆழமான மூடி வைத்த பாக்ஸ் ஒன்றும் சுவரேறியது. ஜவுளிக்கடைப் பைக்கு ஓய்வு.

கடைசியாக மெயினில் ஆர்சிசிபி ஒன்று. போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யார் உடம்பு வழியாகவாவது மண்ணுக்குப் போகலாம் என்பதால், கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அதில் ‘டி’ என்று ஒரு பட்டன். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். விழுந்தால் நல்லது, விழாவிட்டால் மாற்ற வேண்டும். தம்பி அமுக்கிக் காட்டினார். நல்லபடியாக விழுந்தது. உள்ளே சீரியலில் மருமகள் மாமியாரை எதிர்த்துப் பேச வாயெடுத்த சமயம். கூடத்திலிருந்து அம்மா போட்ட சத்தத்தில் தம்பி ஸ்குரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டார்.

பேச்சுவார்த்தை நடந்து ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை அமுக்கலாம். ஆனால் மாவு அரைத்து முடித்திருக்க வேண்டும், சீரியல் ஆரம்பித்திருக்கக் கூடாது, பையன் போனில் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடிவரும் வேளை எது என்று பஞ்சாங்கத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.