பந்து கனமா, கூடை கனமா?

இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்துப் பெரிய துரைமார் சமூகத்துக்கு,

இறம்பொடையில் முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவள் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

1921 டிசம்பர் 5ஆம் திகதி நீங்கள் போட்ட தீர்மானத்தை என் மகள் வாசித்துக் காட்டினாள். உதைபந்து பெண்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாதாம். சங்கத்துக் கழகங்கள் தங்கள் மைதானத்தை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாதாம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொம்பளை உடம்பு நோகக்கூடாது என்று கவலைப்பட சீமையில் ஆள் இருந்திருக்கிறதே!

ஒரு சின்னச் சந்தேகம், துரை. அந்தக் காலத்தில்தான் உங்கள் ஊர்க் கம்பனிகளின் தோட்டத்தில் என் அம்மாயியின் அம்மா, தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை தொங்க மலையேறிக்கொண்டிருந்தாள். மழை, அட்டை, வழுக்கல். அது அவள் உடம்புக்குப் பொருந்துமா என்று பார்க்க எந்த டாக்டரும் பிரட்டுக்களத்துக்கு வந்ததாக எங்கள் வீட்டில் கதை இல்லை. சமதரையில் ஒன்றரை மணிநேரம் ஓடினால் கெட்டுப்போகிற உடம்பு, செங்குத்து மலையில் பொழுதெல்லாம் ஏறினால் கெடாது போலும்.

மகள் வேறு காரணம் சொல்கிறாள். தடைக்கு ஒரு வருஷம் முன்பு, 1920 டிசம்பர் 26இல், லிவர்பூல் குடிசன் பார்க்கில் டிக் கெர் பெண்கள் அணியின் ஆட்டத்துக்கு 53,000 பேர் கூடினார்களாம். உலகப் போரில் வெடிகுண்டு செய்த பிரெஸ்டன் தொழிற்சாலையில் பிறந்த அணி அது. குண்டு செய்தபோது அந்தப் பெண்களின் உடம்பைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லை. கூட்டம் சேர்ந்ததும் கவலை வந்துவிட்டது.

எங்கள் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபிஃபா 2023 ஜனவரியில் இடைநிறுத்தி, ஓகஸ்டில் விட்டது. ஏழு மாதத்துக்கே எங்களுக்கு வெட்கம். நீங்களோ பெண்களை 1971 வரை நிறுத்தி வைத்தீர்கள். 2008இல் மன்னிப்பும் கேட்டீர்கள். தாமதத்தைக் குறை சொல்லவில்லை. இங்கே தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வரவே 1984 ஆயிற்று.

2022இல் வெம்ப்லியில் 87,192 பேர் முன்னால் உங்கள் பெண்கள் ஜெர்மனியை 2-1 என்று வென்றதை மகளின் போனில் பார்த்தேன். நானும் கைதட்டினேன்.

நேரில் நான் பார்க்கும் மேட்ச் வேறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துப் பொம்பளைப் பிள்ளைகள் உதைபந்து ஆடுவார்கள். டிக்கெட் கிடையாது, கதிரை கிடையாது. தேயிலைச் சரிவுதான் கேலரி. பையன்களின் கிரிக்கெட் முடிந்து வெளிச்சம் மிஞ்சினால்தான் இவர்களுக்கு முறை. ஏனென்று கேட்டால், “பொம்பளப் புள்ளைக்கு அடிபட்டுட்டா?” என்கிறார்கள் பெரியவர்கள். தடையை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், துரை. அந்தக் கவலையை மட்டும் இங்கே மறந்து வைத்துவிட்டீர்கள்.

ஆகவே ஒரு ஞாயிறு வந்து போகும்படி கேட்டுக்கொள்கிறேன். கம்பத்துக்கு மேலே போன பந்து நேரே பள்ளத்தில் உருளும். கோலிப் பெண் இறங்கிப் போய் எடுத்து வருவாள். திங்கட்கிழமை அதே சரிவில் கூடையோடு நிற்கப் போகிறவள் அவள். அவள் பின்னாலேயே நீங்களும் ஒருமுறை இறங்கி ஏறுங்கள். மேலே வந்து மூச்சு வாங்கி முடித்ததும், எந்த உடம்புக்கு எது பொருந்தாது என்று புதுத் தீர்மானம் எழுதலாம்.

தேத்தண்ணி நான் ஊற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
தேயிலைக் கேலரி ரசிகை