மூன்று பெட்டி மனிதர்

பாகங்களாகப் பெட்டியில் வரும் மாதிரிக் கார்களை வாங்கி ஒட்டிக் கட்டுகிறவர்களை இரண்டு வர்ணமாகப் பிரித்துவிடலாம். பெட்டியைத் திறந்தவுடன் உள்ளே மடித்து வைத்திருக்கும் விளக்கத் தாளை விரித்து, ஒன்றாம் எண் பாகத்தோடு இரண்டாம் எண் பாகத்தை ஒட்டி, மூன்றாம் எண்ணுக்குப் போகுமுன் பசை உலரும்வரை பொறுமையோடு காத்திருந்து, மூடியில் அச்சிட்ட படத்தில் கண்ட காரையே கடைசியில் மேசைமேலும் கண்டு, மனநிறைவோடு உறங்கப் போகும் சாது ஜனங்கள் ஒரு வகை. இவர்களைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. விளக்கத் தாளை நாலாக மடித்து மேசையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, "உடல் நல்லாயிருக்கு, எஞ்சின் சரியில்லை" என்று முதற்பார்வையிலேயே தீர்ப்பு வழங்கி, எஞ்சினுக்காக இன்னொரு பெட்டியும், அந்த எஞ்சினின் கௌரவத்துக்குத் தக்க சில்லுகளுக்காக மூன்றாவது பெட்டியும் தருவிக்கிறவர்கள் மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையின் உத்தம லட்சணங்கள் அனைத்தும் பொருந்திய புருஷரைத் தரிசிக்க விரும்புகிறவர்கள் டென்மார்க் தேசத்து ஜட்லாந்துத் தீபகற்பத்தின் நடுவே உள்ள ஹெர்னிங் நகரத்துக்கு, அதுவும் மாலை நாலரைக்குள் இருட்டிவிடுகிற நவம்பர் மாதத்தில், போக வேண்டும்.

பெயர் அநாவசியம், அவரைப் போன்றவர்கள் அந்தப் பிரதேசத்தில் ஒருவர் இருவர் அல்லர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1980களின் நடுப்பகுதியில் அகதியாக டென்மார்க் சேர்ந்து, ஜட்லாந்தின் சிற்றூர்களில் பரவலாகக் குடியமர்ந்த தமிழரில் ஒருவராகி, தொழிற்சாலையில் வெகுகாலம் பிறர் வகுத்த வரைபடத்தின்படியே பாகங்களைப் பொருத்திக் கொடுத்து ஓய்வு பெற்றவர். இனி ஆயுள் பரியந்தம் எவனுடைய வரைபடத்துக்கும் கட்டுப்படுவதில்லை என்னும் வைராக்கியம் அவருக்கு எங்கிருந்து உதயமாயிற்று என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அமெரிக்கர்கள் 1960களில் 'மசில் கார்' என்று பெயரிட்டு ஊர் அதிர ஓட்டிய ராட்சஸ வாகனங்களின்மேல் ஒருவருக்கு மோகம் பிறப்பதற்கு டென்மார்க்கைப் போல் அநுகூலமற்ற தேசம் பிறிதொன்றைக் காண்பது அரிது. காரோட்டுவது அங்கே பாவமன்று. கார் வாங்குவதற்குத்தான் பிராயச்சித்தம் செய்தாக வேண்டும். பதிவு வரி என்ற பெயரால் வண்டியின் மதிப்பில் 180 சதவீதம் வரை பல பத்தாண்டுகள் வசூலித்து வந்த சர்க்கார், பிற்பாடு மனமிரங்கி உச்சப்படியை 150 சதவீதமாகக் குறைத்திருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டு கடந்த பழங்கார்களுக்குச் சலுகை உண்டுதான். ஆனால் வண்டி அசல் நிலை மாறாமல் இருத்தல் வேண்டும் என்று அதற்கு ஒரு நிபந்தனை. 'அசல்' என்ற சொல் காதில் விழுந்தாலே நம்மவருக்குத் தேகசௌக்கியம் குன்றிவிடும். போதாக்குறைக்கு அயலார் அபிப்பிராயம் என்று ஒன்று இருக்கிறது. டென்மார்க்கில் பிறந்த அக்செல் சண்டமோசெ என்னும் எழுத்தாளர், 1933இல் வெளிவந்த தமது நாவலில், யாந்தெ என்ற கற்பனை ஊருக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்திருக்கிறார்; தன்னை விசேஷமானவன் என்று எவனும் எண்ணலாகாது என்பது அவற்றின் சாராம்சம். ஏழு லிட்டர் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு ரொட்டி வாங்கப் போகிறவன் அந்தப் பத்துக் கட்டளைகளையும் ஒரே தெருவுக்குள் மீறியவனாகிறான். ஆகவே நம்மவர் தமது ஆசையை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, நிலவறைக்குள் இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அளவுக்குப் பதிவு வரி கிடையாது. அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டியின்மேல் 25 சதவீத மதிப்புக்கூட்டு வரி உண்டு. அதைத் தட்சிணையாகப் பாவித்து மறந்துவிடுகிறார்.

இவ்வளவுக்கும் அவர் வாழ்வது, பாகங்களைப் பொருத்தும் வித்தையில் உலகத்துக்கே குருபீடமாக விளங்கும் நாட்டில். ஹெர்னிங்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பில்லுண்டில்தான் 1932இல் ஊலெ கிர்க் கிறிஸ்தியான்சன் என்ற தச்சர் மரப்பொம்மை செய்யத் தொடங்கி லெகோ நிறுவனத்துக்கு வித்திட்டார். 1958 ஜனவரி 28ஆம் தேதி காப்புரிமை கோரப்பட்ட அந்தக் கட்டியின் முதல் வார்ப்பும் நேற்றுப் பிறந்த வார்ப்பும் இன்றைக்கும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டிகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணித ஆசிரியர் ஒருவர் கணினியைக் கொண்டு எண்ணிச் சொல்லியிருக்கிறார். லெகோ நிறுவனம் 2019இல் 1,471 துண்டுகளில் ஒரு ஃபோர்டு மஸ்டாங் வெளியிட்டபோது, அப்பாவின் சித்தம் அறிந்த பிள்ளை என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்த மகன், பிறந்த நாளுக்கு அதை வாங்கிக் கொடுத்தான். அவர் மறுக்காமல் கட்டினார், கட்டி முடித்துச் சற்று நேரம் அதை நோக்கியிருந்துவிட்டு, "எல்லாம் பொருந்துது, தம்பி. இதிலை எங்களுக்கு என்ன வேலை இருக்கு?" என்றார். அந்த மஸ்டாங் இப்போது வரவேற்பறையில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், விருந்தினரின் பார்வைக்காக இருக்கிறது. நிலவறைக்குள் அதற்குப் பிரவேசம் இல்லை.

நிலவறையில் நடப்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். சென்ற பருவத்தில் அவர் கைக்கொண்ட விரதம், 1968ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜரின் உடலுக்குள் செவ்ரலேயின் 454 கன அங்குல எஞ்சினை ஏற்றுவது. முதற்சோதனை அளவில் வந்தது. அமெரிக்கப் பெட்டிகளில் ஏ.எம்.டி. என்னும் பழைய கம்பெனியின் கார்கள் பெரும்பாலும் இருபத்தைந்தில் ஒரு பங்கு. மோனோகிராம் கம்பெனியின் கார்கள் பெரும்பாலும் இருபத்துநாலில் ஒரு பங்கு. காகிதத்தில் இது அற்ப பேதமாகத் தோன்றும். ஆனால் அசல் சார்ஜரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 117 அங்குலம். ஓர் அளவில் அது 119 மில்லிமீட்டர், மற்றதில் 124. பெரிய அளவுச் சட்டத்தைச் சின்ன அளவு உடலுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் முன்சில்லு வளைவுக்குள் ஒழுங்காக நிற்க, பின்சில்லு கதவையும் வளைவையும் தாண்டி எங்கோ பின்பக்கம் ஒதுங்கி நிற்கும். சாது வர்ணத்தார் இந்தக் கட்டத்தில் பெட்டியை மூடிவிடுவார்கள். நம்மவருக்கோ இங்கேதான் முகத்தில் களை ஏறும். மெல்லிய பல் ரம்பத்தை எடுத்து, சட்டத்தை நடுவில் குறுக்கே அறுத்து, ஐந்து மில்லிமீட்டரைக் கழித்துவிட்டு, இரு பாதிகளையும் நெருக்கி வைத்து, அடியில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைத் தாங்கலாகக் கொடுத்து, கரைபசையைத் தூரிகை நுனியால் தொட்டுவிடுவார். அந்தப் பசை ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கையே சற்று உருக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அது இறுகும்வரை இரு விரலால் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட ஒரு கட்டுப்பாட்டோடு விட்டுக்கொண்டு, அசையாமல் அமர்ந்திருக்கும் அந்தச் சமயத்தில் வாசல் மணி அடித்தாலும், தொலைபேசியில் கோயில் தர்மகர்த்தாவே அழைத்தாலும், அவர் இவ்வுலகத்தில் இல்லை.

சட்டம் அடங்கியது, எஞ்சின் அடங்கவில்லை. செவ்ரலே எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருக்கிறது. சார்ஜருக்கு உரிய பெரிய எஞ்சின்களிலோ அது முன்பக்கம். ஆகையால் எஞ்சினை அறைக்குள் இறக்கியதும் டிஸ்ட்ரிபியூட்டர் போய் முன்சுவரில் முட்டிக்கொண்டது. சுவரைக் குடைந்தார். குடைந்த சுவருக்குப் பின்னாலிருந்த டாஷ்போர்டு சற்று நகர்ந்தது. டாஷ்போர்டு நகரவே ஸ்டியரிங் சக்கரம் ஆசனத்தின் மடியில் போய் உட்கார்ந்தது. எஞ்சினை அரை மில்லிமீட்டர் தூக்கி வைத்துப் பார்த்தார். காற்று வடிகட்டி பானட்டுக்கு மேலே தலைகாட்டியது. பானட்டில் துவாரம் போட்டார். துவாரம் அசிங்கமாக இருந்ததால் அதை மறைக்க ஒரு காற்றுக்கூம்பு அவசியமாயிற்று; அது வேறொரு கம்பெனியின் வேறொரு காரில்தான் உண்டு. இவ்வாறாக மூன்றாவது பெட்டி, விதியின் தவிர்க்கவொண்ணாத கட்டளையால், கடல் கடந்து வந்து சேர்ந்தது. அதிலிருந்த பம்பரும் அழகாயிருந்தபடியால் அதையும் மாட்டிவிட நினைத்தார். பம்பரின்மேல் வெள்ளிபோல் மின்னும் பூச்சு இருக்கிறதே, அதன்மேல் கரைபசை பிடிக்காது. ஒட்டுமிடத்தில் மட்டும் கத்தி முனையால் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்கை வெளிக்கொணர வேண்டும். ஒரு மயிரிழை அதிகமாய்ச் சுரண்டினால் வெளியே தெரியும். குறைவாய்ச் சுரண்டினால் மறுநாள் காலையில் பம்பர் தரையில் கிடக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உருப்பெருக்கியின் கீழ் அவர் அதைச் சுரண்டும் நேர்த்தியைப் பார்த்தால், கையில் இருப்பது பம்பரா, பரம்பரை நகையா என்று ஐயம் தோன்றும்.

இந்தச் சம்பிரதாயத்துக்கு விரோதி ஒருவர் இல்லாமற் போவாரா? மாதிரி கட்டுவோர் கூடும் சபைகளில் எல்லாம் அசல்வாதி ஒருவர் இருப்பார். இவர் பெரும்பாலும் டேனிஷ்காரர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், குரலை உயர்த்தாதவர், எந்த ஆண்டில் எந்தக் கம்பெனி எஞ்சினுக்கு என்ன வர்ணம் பூசிற்று என்பது அவருக்குக் கண்டபாடம். அவர் பானட்டைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடினார்; அது பின்னால் இருக்கக் கண்டார்; சைவ மடத்து வாயிலில் திருமண் இட்ட ஆனையைக் கண்டவர் போல் ஸ்தம்பித்து நின்றார். டாட்ஜ் கிரைஸ்லரின் குலம், செவ்ரலே ஜெனரல் மோட்டார்ஸின் குலம் என்பதும், அவ்விரு குலத்துக்கும் கொள்வினை கொடுப்பினை இல்லை என்பதும் இந்தச் சமயத்தின் மூலாதாரக் கொள்கைகள்.

நம்மவரிடம் இதற்குச் சாஸ்திரப் பிரமாணம் தயாராக இருந்தது. மசில் கார் என்னும் ஜாதியே கலப்பில் பிறந்ததுதானே என்பது அவர் கட்சி. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் ஆகாது என்று ஜெனரல் மோட்டார்ஸின் மேலிடம் விதி செய்திருக்க, பொன்டியாக் பிரிவின் ஜான் டெலோரியனும் அவருடைய சகாக்களும் பெரிய காருக்கென்று இருந்த 389 கன அங்குல எஞ்சினை நடுத்தர டெம்பெஸ்டுக்குள் திணித்து, விதி புது மாடலுக்குத்தானே, வாடிக்கையாளர் விரும்பிக் கேட்கும் உபரிச் சாமானுக்கு இல்லையே என்று வியாக்கியானம் செய்து, 1964இல் ஜி.டி.ஓ. என்று சந்தையில் விட்டார்கள். அந்தப் பெயரும் இத்தாலியின் ஃபெராரியிடமிருந்து எடுத்தது. ஆக, ஒரு பெட்டியின் உடல், ஒரு பெட்டியின் எஞ்சின், ஒரு பெட்டியின் பெயர். "மூண்டு பெட்டி!" என்று விரலை மடக்கிக் காட்டினார்.

அசல்வாதி அசரவில்லை. அந்த உடலும் எஞ்சினும் இரண்டுமே பொன்டியாக்தான் என்றார். பின்பு, தாழ்ந்த குரலிலேயே, 1977இல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்குள் செவ்ரலே எஞ்சின் இருக்கக் கண்ட அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா என்று கேட்டார். நம்மவருக்குத் தெரியும். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இருவரும் சற்று நேரம் மௌனமாகக் காப்பி குடித்தார்கள். பிறகு அசல்வாதி, அந்த ஐந்து மில்லிமீட்டரை எங்கே அறுத்தீர்கள், தழும்பே தெரியவில்லையே என்று கேட்டுவிட்டார். அன்று இரவு முழுவதும் நம்மவர் வீட்டில் வேறு பேச்சில்லை.

வீட்டம்மையாரின் நிலைமையையும் சொல்ல வேண்டும். தமிழ் அகதிகளின் குடும்பத்தார் வந்து சேர்வதை நீதி மந்திரி எரிக் நின்-ஹான்சன் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்த காரணத்தால், 1993 ஜனவரியில் போல் ஷ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலக நேர்ந்த நாடு அது. அந்தக் காத்திருப்பின் கஷ்டத்தை அனுபவித்து வந்து சேர்ந்தவர் அம்மையார். அவர் வாய்விட்டுச் சொல்லும் குறை ஒன்றுதான்: "என்னைக் கூப்பிடுறதுக்கு இவர் இத்தனை கடிதம் எழுதேல்லை, உந்தப் பம்பருக்கு எழுதியிருக்கிறார்."

சார்ஜர் ஒருவாறு முடிந்தது. சிவப்பு வர்ணம், கறுப்புக் கோடு, பானட்டில் கூம்பு, அகன்ற பின்சில்லு. எந்தக் கம்பெனியின் எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்த வாகனத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மறுநாள், அம்மையார் தேநீரோடு நிலவறைக்கு இறங்கி வந்து, மேசைமேல் திறந்து கிடந்த பெட்டிகளை நோட்டமிட்டார்.

"இஞ்சாருங்கோ, மூண்டு பெட்டியிலையும் ஒரு கார்தான் வந்ததோ?"

"ஒண்டு முடிஞ்சுது. மற்ற ரெண்டும் முக்கால்வாசி இருக்கு. ஒரு எஞ்சினும் நாலு சில்லும் கிடைச்சால் ரெண்டாவது எழும்பிடும்."

"அதுக்கு?"

"ஒரே ஒரு பெட்டி."

அம்மையார் கணக்கில் கெட்டிக்காரி. அந்தப் பெட்டியிலிருந்து எஞ்சினையும் சில்லையும் எடுத்துவிட்டால் அதில் ஒரு நல்ல உடம்பு சும்மா கிடக்குமே என்று சுட்டிக்காட்டினார். நம்மவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அதைத்தான் நானும் ராத்திரி முழுக்க யோசிச்சனான்," என்றார், "அந்த உடம்புக்கு ஃபோர்டு எஞ்சின் போட்டால் எப்பிடியிருக்கும்?"