லைன் போட்ட கை

அந்தக் காலத்தில் எங்கள் குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குள் கலெக்டரே வந்தாலும் செருப்பைக் கழற்றாமல் நுழைய முடியாது. கிருமி காலில்தான் வரும் என்பது எங்கள் சித்தாந்தம். உள்ளே ஸ்டாண்டில் ஒரு பேசின் நிறைய கிருமிநாசினித் தண்ணீர். முதலில் பெரிய டாக்டர் கை நனைப்பார், பிறகு மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர்கள், பிறகு நர்ஸ்களான நாங்கள், கடைசியில் ஆயாம்மா. அத்தனை கைக்கும் ஒரே துண்டு. பெற்ற தாயை மட்டும் கிருமிக்குப் பயந்து வராந்தாவிலேயே உட்கார வைத்திருந்தோம்.

தொப்புள் வழியே டிரிப் ஏற்றவென்று தனிக் குழாய், எங்கள் பாஷையில் லைன், ஸ்டோரில் எப்போதாவதுதான் இருக்கும். மூக்கு வழியே பால் கொடுக்கிற ஃபீடிங் டியூப்தான் தொப்புள் சிரைக்குள்ளும் போகும். தோளிலிருந்து தொப்புள் வரை நூல் பிடித்து அளந்து, டன் என்கிற ஆங்கிலேய டாக்டர் 1966இல் போட்ட வரைபடத்தைப் பார்த்து நீளம் முடிவாகும். எக்ஸ்-ரே சாயங்காலம் வரும். அதுவரை டிரிப் ஓடிக்கொண்டிருக்கும், நம்பிக்கையின் பேரில்.

"லைன் கிடைச்சிடுச்சு!" என்று ஒரு பி.ஜி. கத்தினால் அன்றைக்கு அவர்தான் ஹீரோ. டீ வரும். அப்படிக் கிடைத்ததை எடுக்க யாருக்கு மனசு வரும்? "நல்லா ஓடுதில்ல, தொடாதே" என்பதுதான் வார்டின் வேதம். காய்ச்சலோ வீக்கமோ வந்து லைனே தன்னை எடுக்கச் சொல்லும்வரை காத்திருப்போம்.

பிறகு பிக் லைன் வந்தது, கைச் சிரை வழியே இதயத்தருகே வரை போய்ச் சத்து நீர் ஏற்றும் மெல்லிய குழாய். ஒரு ஃப்ரெஞ்சு, அதாவது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிமன். அடைத்துக்கொண்டால் சின்ன சிரிஞ்சால் ஒரு அழுத்து அழுத்தத் தோன்றும். சிரிஞ்சு சிறுத்தால் அழுத்தம் கூடும், லைன் உள்ளேயே வெடிக்கும். அதனால் இப்போது 10 மில்லி சிரிஞ்சுக்குக் குறைந்த எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. குழந்தை கையை மடக்கினாலே நுனி இதயத்தை நோக்கி நகரும் என்பதும் பின்னால் தெரிந்த சங்கதி. நுனி இதய அறைக்குள் உட்கார்ந்துவிட்டால் அடர்த்தியான சத்து நீர் சுவரை அரித்து, இதய உறைக்குள் கசியும். சற்று முன்வரை நன்றாயிருந்த குழந்தை திடீரென்று நீலமாகும், எந்த மருந்துக்கும் மசியாது. மார்பெலும்புக்குக் கீழே ஊசி போட்டு இழுத்தால், ரத்தத்துக்குப் பதில் நாம் ஏற்றிய சத்து நீரே திரும்பி வரும். வந்தால் பெரும்பாலும் பிழைக்கும். இங்கிலாந்தில் நான்கு குழந்தைகள் இப்படி இறந்த பிறகு, நுனி இதயத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்று 2001இல் அரசு அறிக்கையே வெளியிட்டார்கள்.

இப்போது அல்ட்ராசவுண்டில் நுனியை அங்கேயே பார்க்கிறோம். குளோர்ஹெக்சிடின் இருக்கிறது; மிகக் குறைமாதக் குழந்தையின் தோலை அதுவே சுட்டுவிடும் என்பதால் அதைத் துடைத்தெடுக்கவும் ஒரு விதி இருக்கிறது. 2006இல் அமெரிக்காவில் மிச்சிகன் ஐசியூக்கள் லைன் போடப் பயன்படுத்திய ஐந்து வரிச் செக்லிஸ்ட் பிரபலமானதும் எங்கள் சுவரிலும் ஒரு தாள் ஏறியது. அதன் பலத்தில் ஒரு சிஸ்டர், "சார், நில்லுங்க, தொப்பி போடலை" என்று முதன்முதலாகச் சொன்னபோது அந்த டாக்டர் பார்த்த பார்வைக்கு எந்தச் செக்லிஸ்ட்டிலும் கட்டம் கிடையாது. ஆனாலும் தொப்பி போட்டார்.

தினமும் ரவுண்ட்ஸில் ஒரே கேள்வி: "இன்னைக்கு இந்த லைன் எதுக்கு?" இத்தனை மிஷின் வாங்கிய பிறகு வந்து சேர்ந்த இந்தக் கேள்விக்குச் செலவே கிடையாது. பால் ஏற ஏறத்தான் லைன் இறங்கும். ஆகவே வராந்தாவில் உட்கார வைத்த அம்மாவை இப்போது தொட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார வைத்து, "இன்னும் கொஞ்சம் பீச்சிக் குடும்மா" என்று கெஞ்சுகிறோம். ஒரு கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே சுமார் 90 மில்லி, ஒரு சின்ன டம்ளர் காபி. அதில் ஒரு கிருமி நுழைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

லைனை எடுக்க இரண்டு நிமிஷம். டீ வராது. போன மாதம் ஒரு குழந்தைக்கு எடுத்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பாட்டி கேட்டார்: "அவ்ளோ பாடுபட்டுப் போட்டீங்களே சிஸ்டர், அதுக்குள்ள ஏன் புடுங்கிட்டீங்க?"

அதே கேள்வியைக் காலையில் புது பி.ஜி. இங்கிலீஷில் கேட்டிருந்தார்.