27 அடி அலையும் ஒன்றரை அடிக் குழாயும்

லெஸ்டர், இங்கிலாந்து
கார்த்திகை மாதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. வாட்ஸப் இருக்கும்போது எதற்குடா கடுதாசி என்று கேட்பீர்கள். போனில் உங்களை மீறி நான் ஒரு வாக்கியத்தை முடித்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால்தான்.

இங்கே தினமும் மழை. யாரும் அதை மதிப்பதில்லை. நம் பக்கம் நாலு தூறல் விழுந்தாலே கரிசக்காட்டுக்காரர் வானத்தைக் கும்பிடுவார், பட்டாசு ஆபீஸ்காரர் திட்டுவார். இங்கே இரண்டுமே இல்லை. குடையைக்கூட விரிக்காமல் நனைந்துகொண்டே போகிறார்கள்.

போன தடவை நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். “அங்க போயாவது அந்த நாலு கம்பிக் கட்டையை விட்டுட்டு ஒழுங்கா சோலியப் பாக்கியா, இல்லையா?” பார்க்கிறேன் அண்ணாச்சி. வீட்டுக்காரி நர்ஸ், அவள் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவன் நான். பகலில் லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை. நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸ் இல்லாமலே சொல்லிவிடுகிறேனாம், மேனேஜருக்கு ஆச்சரியம். காலண்டரில் முருகன் வேல் ஒரு நூல் தள்ளி விழுந்தால் சிவகாசியில் முதலாளி என்ன பாஷையில் பேசுவார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கட்டையை விடவில்லை.

வந்து சேர்ந்த ஊர் அப்படி. குயீன் குழுவின் பேஸ் கிட்டார்க்காரர் ஜான் டீக்கன் 1951-ல் பிறந்தது இந்த லெஸ்டரில்தான். குழுவில் 1971-ல் கடைசியாகச் சேர்ந்தவர். மற்ற மூவரும் பேசித் தீர்ப்பார்கள், இவர் வாயே திறக்கமாட்டார். 1980-ல் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ என்று ஒரு பாட்டு எழுதினார். அதன் பேஸ் இன்றைக்கும் உலகத்தில் பாதிப் பேர் வாயில் ஓடுகிறது. 1997-க்கு அப்புறம் இசையே வேண்டாம் என்று வீட்டோடு இருந்துவிட்டார். இந்த ஊரிலேயே பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டு “ஓ, அந்த நாலாவது ஆளா?” என்கிறார்கள். பேஸ் வாசித்தவனுக்கு இதைவிட மரியாதை எந்த ஊரிலும் கிடைக்காது போலிருக்கிறது.

அவரைப் பற்றி உங்களுக்கு ஒரு செய்தி. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். 1972 வாக்கில் லண்டனில் ஒரு குப்பைத்தொட்டியில் கிடந்த சர்க்யூட் போர்டை எடுத்துவந்து, ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற ஒரு ஆம்ப் செய்தார். அதை வைத்துக்கொண்டுதான் குயீனின் கிட்டார்க்காரர் பிரையன் மே வயலின் கூட்டம் மாதிரியெல்லாம் கிட்டாரில் ஒலி எழுப்பினார். இதை இங்கே ஒருவர் கண்கள் பனிக்கச் சொன்னபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. உடைந்த பீரோப் பலகையில் நீங்கள் எனக்குப் பெட்டி அடித்துக் கொடுத்தீர்களே, பின்பக்கம் பீரோவின் சாவித் துவாரம்கூட அப்படியே இருக்குமே! கச்சேரிக்குக் கச்சேரி அதில் ஏதோ ஒரு ஈயம் விட்டுப்போகும், நீங்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மேடையிலேயே சோல்டரிங் வைப்பீர்கள். டீக்கன் பெட்டி உலகப் பிரசித்தம். உங்கள் பெட்டியில் இப்போது மதினி வெங்காயம் போட்டு வைத்திருப்பதாகக் கேள்வி.

இங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பப்பில் பேஸ்காரர்கள் கூடுகிறோம். லீட் கிட்டார்க்காரனுக்கு உள்ளே இடமில்லை. ரிட்டயரான போஸ்ட்மேன் ஒருவர், மீன்கடைக்காரர் ஒருவர், காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அம்மா ஒருவர், அப்புறம் நான். பேச்சு பாட்டில் தொடங்கும், ஐந்தாவது நிமிடத்தில் சாமானுக்குப் போய்விடும், கடைசியில் முதுகுவலியில் வந்து நிற்கும். ஏனென்றால் இவர்களுக்கெல்லாம் ஆம்பெக் எஸ்விடி என்று ஒரு பூதத்தின் மேல் தீராத காதல். 1969-ல் வந்தது, 300 வாட், வால்வு செட். கூட எட்டு ஸ்பீக்கர் வைத்த ஒரு பெட்டி. அதற்கு இவர்கள் வைத்திருக்கிற பட்டப்பெயரே ஃபிரிட்ஜ்தான். அதைத் தூக்கித் தூக்கியே இடுப்புப் போனவர்கள் இப்போது கைக்குள் அடங்குகிற ஆம்ப்பைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வந்து, “சத்தம் பழைய மாதிரி இல்லை” என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

ஸ்ட்ரிங்ஸ் விஷயம் கேளுங்கள். சுற்றுக்கம்பி வழுவழுவென்று இருப்பது நல்லதா, சொரசொரவென்று இருப்பது நல்லதா என்று ஒரு முழு மத்தியானம் சண்டை. டெட்ராய்டில் மோட்டவுன் கம்பெனிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தாலொழிய மாற்றவே மாட்டாராம். வலதுகையில் ஒற்றை ஆள்காட்டி விரலாலேயே அத்தனை பாட்டையும் வாசித்தவர். அழுக்கில்தான் சுதி இருக்கிறது என்பது அவர் கட்சி. போஸ்ட்மேனும் அதே கட்சி. கணக்கு அம்மா புதுக்கம்பிக் கட்சி. பழைய கம்பியை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் பிசுக்குப் போய்ப் புதுக்கம்பி மாதிரி பேசும் என்று ஏதோ ராணுவ ரகசியம் போல எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் சிரிக்கவில்லை. சென்னைக்குப் போய் ஒரு செட் வாங்கிவரக் காசில்லாமல், அம்மாவின் இட்லிச் சட்டியில் வருசம் முழுக்க அதே கம்பியை அவித்தவன் நான். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏலே, எத்தனை விசில்?” என்று கேட்டாள்.

திருட்டுக் கதையும் உண்டு. பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸை 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அது தெற்குக் கடலோரம் ஹேஸ்டிங்ஸில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்து, அரை நூற்றாண்டு கழித்து அவர் கைக்கே திரும்பி வந்து, 2024-ல் ஊருக்குத் தெரிந்தது. இருக்கன்குடி ஆடி வெள்ளியில் காணாமல் போன உங்கள் மைக்குக்காக நீங்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

இவர்களிடம் நான் ஒரு கணக்குச் சொன்னேன், கணக்கு அம்மாவே சரிபார்த்துக் கொடுத்தார். பேஸின் தடித்த ‘ஈ’ கம்பி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் கிட்டத்தட்ட 27 அடி. நம்மூர்ப் புளியமரத்தில் கட்டுகிற குழாயின் வாய் ஒன்றரை அடி. இவ்வளவு பெரிய அலை அவ்வளவு சின்ன வாயில் எப்படி வெளியே வரும்? மேடையில் பீரோப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற டிரம்மருக்கும் எனக்கும் கேட்டதோடு சரி. ஊர் முழுக்கக் குழாயில் கேட்டது பாட்டும் தபேலாவும்தான். எங்க அப்பா பத்து வருசமாக, “மேடையில ஏறி எல்லாரும் வாசிக்கிறாங்க, நம்ம பய மட்டும் சும்மா நின்னு தலையாட்டிட்டுச் சம்பளம் வாங்குறான்” என்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தது அதனால்தான். அந்தப் பெருமையைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

கச்சேரி இங்கே எப்படி என்று கேட்டீர்கள். முக்கால் மணி நேரம் வாசிக்க வேண்டும், ஒரு இடைவேளை, மறுபடி முக்கால் மணி. பதினோரு மணிக்குள் வயரைச் சுருட்டிவிட வேண்டும். சாமி புறப்பாடு முடியட்டும், தலைவர் வரட்டும், நன்கொடையாளர் பெயரெல்லாம் வாசிக்கட்டும் என்ற பேச்சே கிடையாது. துண்டுச்சீட்டில் பாட்டுக் கேட்பவர் இல்லை, மேடையேறிச் சட்டையில் பத்து ரூபாய் குத்துபவர் இல்லை, “இந்தப் பாட்டு எங்க மாமாவுக்காக” என்று மைக்கைப் பிடுங்குகிற மச்சான் இல்லை. இதெல்லாம் இல்லாமல் வாசித்தால் கச்சேரி மாதிரியே தெரியவில்லை, பரீட்சை மாதிரி இருக்கிறது. குட்டியானையும் இல்லை. அவரவர் சாமானை அவரவரே காரில் ஏற்ற வேண்டும். முடிந்ததும் சாப்பாடு என்று கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். பிரித்தால் சிப்ஸ், எண்ணி ஒரு கை. அந்த ராத்திரி நான் நினைத்துக்கொண்டது விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை. பொரித்த பரோட்டாவைப் பிய்த்து, சால்னாவை ஊற்றி, ராத்திரி ரெண்டு மணிக்கு டிரம்மர் தம்பியோடு உட்கார்ந்து தின்றதை. பகலெல்லாம் பட்டாசு ஆபீஸில் இருந்துவிட்டு வருவான், எவ்வளவு தேய்த்தாலும் அவன் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னும். இலையில் அவன் பிய்த்த பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். ஐப்பசிக்கு முன்னால் ரிகர்சலுக்கு அவனைக் கண்ணில் பார்க்க முடியாது. தீபாவளி முடிந்து ஆபீஸ் அடைத்தபின் அவனை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

ஒரு ஞாயிறு, “உங்கள் ஊர்ப் பாட்டு ஏதாவது வாசியேன்” என்றார்கள். 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வை எடுத்தேன். பாட்டு இல்லை, கிட்டார் இல்லை, வெறும் பேஸ் மட்டும். கேசட்டில் பேஸ் குமிழைக் கடைசிவரை திருகி, ஒரு காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்து நான் படித்தது. பாதியிலேயே போஸ்ட்மேன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “பேஸ்காரர் தானாகவே இப்படி அலைகிறாரா?” என்று கேட்டார். இல்லை, இளையராஜா என்று ஒருவர் இருக்கிறார், தேனிப் பக்கம் பண்ணைப்புரம், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அவரே நோட்ஸ் எழுதிக் கொடுத்துவிடுவார், பேஸுக்கும்தான். பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் பேஸ் எங்கே போய்விட்டு எப்போது திரும்ப வேண்டும் என்பது வரைக்கும் காகிதத்தில் இருக்கும் என்றேன். அவர் குழுவில் வருசக்கணக்காக பேஸ் வாசித்த சசிதரன் பற்றிச் சொன்னேன், ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் பற்றியும் சொன்னேன். “கேசட் அட்டையில் பெயர் போடுவார்களா?” என்றார் மீன்கடைக்காரர். அந்த அட்டைகள் நம் சிவகாசியில்கூட அடித்திருப்பார்கள், அதில் பேஸ்காரர் பெயரைக் கண்டவர் உண்டா அண்ணாச்சி? இல்லை என்று நான் தலையாட்டியதும் அவர் ஜேமர்சன் கதைக்குப் போனார். மோட்டவுனில் வாசித்தவர்கள் பெயர் முதன்முதலாக ஆல்பத்தில் அச்சானதே 1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வந்தபோதுதானாம். அதற்குள் ஜேமர்சன் நூற்றுக்கணக்கான பாட்டு வாசித்து முடித்திருந்தார். அதற்கப்புறம் நாங்கள் நாலு பேரும் கொஞ்ச நேரம் சாமான் பேச்சே பேசவில்லை. இது இந்தக் கூட்டத்தில் சாதாரண விஷயமில்லை.

வெடி விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. நவம்பர் 5 இங்கே வெடித் திருநாள். 1605-ல் கய் ஃபாக்ஸும் கூட்டாளிகளும் பார்லிமெண்டுக்குக் கீழே 36 பீப்பாய் மருந்தை அடுக்கிவைத்தார்கள், திரியில் தீவைப்பதற்கு முன்னாலேயே ஃபாக்ஸ் மாட்டிக்கொண்டான். அதற்காக வருசா வருசம் அவன் பொம்மையைக் கொளுத்துகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டுச் சட்டப்படி நவம்பர் 5 அன்று ராத்திரி 12 மணி வரைக்கும்தான் வெடி போடலாம், தீபாவளிக்கு 1 மணி வரை போடலாம். நம் ஊரில் காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8. சிவகாசிக்காரன் ஆசைதீர வெடி போட லெஸ்டருக்கு வரவேண்டியிருக்கிறது பாருங்கள். வெடி மட்டும் சீனாவில் செய்தது. நான் வாங்கிய பெட்டியில் லேபிளைத் தடவிப் பார்த்தேன், சிவப்பு ஒரு நூல் தள்ளியிருந்தது. எங்க முதலாளி பார்த்திருந்தால் கட்டையே எடுத்திருப்பார்.

பேஸ் கூட்டத்தோடு மைதானத்துக்குப் போயிருந்தேன். முதல் வெடி வயிற்றில் இடித்தது. எல்லாரும் அண்ணாந்து “ஊ” என்றார்கள். நான் மட்டும் திரும்பி, புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கணக்கு அம்மா “என்ன தேடுகிறாய்?” என்று கேட்டார். முதலிப்பட்டிப் பட்டாசு ஆபீஸில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த வெடிவிபத்தை எப்படிச் சொல்வது, “சும்மா” என்றேன். அண்ணாச்சி, டிரம்மர் தம்பியை இப்போது எந்த ரூமில் போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். மருந்துக் கலவையில் போட்டிருந்தால் அவனை வெளியே எடுத்து, உங்கள் சவுண்ட் சர்வீஸிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் குறைந்தால் நான் அனுப்புகிறேன். இதை அவனிடம் சொல்ல வேண்டாம்.

பங்குனிப் பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும் போலிருக்கிறது. மாரியம்மன் கோயில் கச்சேரியை எந்த ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று கமிட்டியில் விசாரியுங்கள். நமக்கென்றால், குழாய் போதாது, கீழே இரண்டு நல்ல பேஸ் பாக்ஸ் வேண்டும், வாடகை என் கணக்கு. நான் போனபிறகு கீபோர்டு தம்பி இடதுகையாலேயே பேஸையும் வாசித்து, என் சம்பளத்தையும் சேர்த்து வாங்கிவருவதாகக் கேள்விப்பட்டேன். நல்லா இருக்கட்டும். அன்றைக்கு ஒரு ராத்திரி மட்டும் அந்த இடதுகையை பேண்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பாவை முன்வரிசையில், பாக்ஸுக்கு நேர் எதிரே உட்கார வைக்கவும்.

அன்புடன்,
உங்கள் பேஸ்

பி.கு.: போஸ்ட்மேனுக்கு ஒரு தினசரிக் காலண்டர் வேண்டுமாம். முருகன் படம் போட்டதாக அனுப்புங்கள், வேல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து. கூடவே சாத்தூர்ச் சேவு அரைக் கிலோ. அருப்புக்கோட்டைக் கல்யாணத்துக்கு எனக்கு நீங்கள் தரவேண்டிய பாக்கியில் இதைக் கழித்துக்கொண்டால் போதும், மீதியை நான் கேட்கமாட்டேன். இரண்டு மாதத்துக்கு.