டேப்பெட் காது

அண்ணாச்சிக்குக் காது கேட்குமா கேட்காதா என்பது, கோவில்பட்டியில் அம்பாசடர் வைத்திருக்கும் யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாத வழக்கு. பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார். ரோட்டில் லாரியும் மினி பஸ்ஸும் தீப்பெட்டி ஆபீஸ் வேனும் ஒன்றையொன்று மிஞ்சி இரையும். அத்தனைக்கும் நடுவே ஒரு பழைய காரின் சத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, "மூணாவது சிலிண்டர், எக்ஸாஸ்ட் வால்வு" என்பார். "என் வண்டி எப்ப அண்ணாச்சி கிடைக்கும்?" என்று பக்கத்தில் நின்று கேட்டால், "ஆங்?" என்பார்.

என் வண்டியின் டேப்பெட் தையல் மெஷின் மாதிரி டிக்டிக்கென்றது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த 1489 சிசி இன்ஜின். பட்டறைப் பையன்தான் முதலில் கை வைத்தான். எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கையில் ஒன்றாவதைச் சரிபார்க்க வேண்டும். ஏழு திறந்தால் இரண்டு, ஆறு திறந்தால் மூன்று. எப்படிக் கூட்டினாலும் ஒன்பது. பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்ட பயலுக்கு இந்தக் கணக்கு மட்டும் தப்பாது. வால்வைத் தட்டித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே பதினைந்து தௌ, அதாவது அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் அதில் 15, ஃபீலர் கேஜ் வைத்துச் சுத்தமாக முடித்தான். ஸ்டார்ட் செய்தால் அதே டிக்டிக்.

"கொஞ்சம் இறுக்கிரவா?" என்றான்.

அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏலேய், இன்ஜின் சூடானா வால்வு நீளும். இடைவெளி இல்லேன்னா சீட்டுல உக்காராது. நெருப்பு சந்துல பூந்து வால்வைத் தின்னுரும். சத்தம் போடுத டேப்பெட் ஒண்ணும் செய்யாது. சத்தமே இல்லாததுதாம்ல கருக்கும்!"

ராக்கரைக் கழற்றி மூக்கில் நகத்தை ஓட்டினார். வால்வு தட்டித் தட்டிக் குழி விழுந்திருந்தது. "சித்திரை மாசம் கரிசக்காட்டு வெடிப்புக்கு மேல பலகையைப் போட்டுட்டு நெலம் சமமா இருக்குங்கான். கேஜு குழிக்கு மேல பாலம் மாதிரி கெடக்கு, அடியில இருக்க பள்ளம் அதுக்கு எப்படித் தெரியும்?" ராக்கர் ஷாஃப்டைத் திருப்பினால் அடிப்பக்கமும் தேய்மானம்.

உத்தரபாரா தொழிற்சாலையில் 2014லேயே அம்பாசடர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அது அண்ணாச்சி காதில் விழவில்லை. ராக்கர் மூக்கை வளைவு மாறாமல் கல்லில் தேய்ப்பது, லேத்தில் புது புஷ் அடித்து ரீமர் போடுவது, ஷாஃப்டை மாற்றுவது எல்லாம் அவர் பாட்டுக்கு நடக்கும். தேதி மட்டும் நடக்காது.

பதினைந்து நாள் போய்க் கத்தினேன். "ஆங்?" பதினாறாம் நாள் கத்தத் தெம்பில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சும்மா இருந்தேன். அண்ணாச்சி ஒருதரம் திரும்பினார். மறுதரம் உற்றுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏலேய், எல்லாத்தையும் போட்டுட்டு அந்தத் தம்பி வண்டிய முடி. ஆளு சத்தமே இல்லாம இருக்காரு!"

சாயங்காலம் சாவி கைக்கு வந்தது.