பழைய மாணவர் சங்கத்துக்கு ஜெராக்ஸ் கடையிலிருந்து

பெருமதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் வாட்ஸ்ஆப் அட்மின்கள் ஐவர் சமூகத்துக்கு,

பெங்களூரு பொம்மனஹள்ளி சிக்னலுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பழைய மாணவன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவீர்கள். அப்புறம் தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு எனக்கு யார் ரோஜாப்பூ அனுப்புவார்கள்?

முதலில் பாராட்டு. பத்தாவது முடிக்கிற பிள்ளைகளுக்கு அடுத்து என்ன படிப்பது, எங்கே வேலை தேடுவது என்று வழிகாட்ட ‘அலுமினி நெட்வொர்க்’ தொடங்கிவிட்டீர்கள். மேடையில் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் மைசூர் பேட்டா எனும் தலைப்பாகை, சால்வை, பழத்தட்டு. போட்டோகிராபர் “சார், இன்னொரு தடவ” என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் இதற்கே ஒரு மணி நேரம். ஒரு பெரியவருக்குப் பேட்டா கண் வரைக்கும் இறங்கிவிட்டது. அந்தக் கோலத்திலேயே அவர் “எதிர்காலத்தைத் தெளிவாகப் பாருங்கள்” என்று பேசி அமர்ந்தார்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் தெருவிளக்கில் படித்து முன்னேறிய கதையை நாற்பது நிமிடம் சொன்னார். நானும் அவரும் ஒரே பெஞ்சு. அவர் வீட்டில் கரண்ட் இருந்தது. தெருவில்தான் விளக்கு இல்லை. போகட்டும்.

அப்போது ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். “சார், டிப்ளமா முடிச்சா இன்ஜினியரிங் நேரா ரெண்டாவது வருஷம் சேரலாமாமே, அதுக்கு என்ன பரீட்சை எழுதணும்?”

“நல்ல கேள்விம்மா. உன் உள்மனசு என்ன சொல்லுதோ அதைச் செய்” என்றார் விருந்தினர். பலத்த கைதட்டல். பதினைந்து வயசுப் பிள்ளையின் உள்மனசு மல்லேஸ்வரத்துக்குப் போய், கர்நாடகத் தேர்வு ஆணையமான கேஇஏ ஆபீசில் டிசிஇடி தேர்வைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பியிருக்கும் என்று அவர் நம்பியிருக்கலாம்.

பதில் பின்னாலிருந்து வந்தது. சுவரோரம் நின்றிருந்த ஒரு அம்மா, “டிசிஇடி பாப்பா. எம் பெரியவன் எழுதினான். ஜாதி, வருமான சர்ட்டிபிகேட்டுக்கு ஆர்டி நம்பர் இப்பவே வாங்கி வச்சுக்கோ. அப்புறம் ஓட முடியாது” என்றார். மொத்த விழாவிலும் நடந்த வழிகாட்டுதல் அவ்வளவுதான். கையில் மைக் இல்லாததால் உங்கள் அறிக்கையில் அது ஏறவில்லை.

அந்த அம்மா கார்மென்ட்சில் டெய்லர். மறு ஞாயிறு என் கடைக்கு வந்து, “அண்ணா, அந்த சங்கத்துல என்னையும் சேர்த்து விடுங்க” என்றார். உங்கள் ஆன்லைன் படிவத்தைத் திறந்தேன். பெயர் போட்டாயிற்று. அடுத்தது ‘பாஸ் ஆன வருஷம்’, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். எட்டாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தவர் எந்த வருஷத்தைப் போடுவார்? காலியாக விட்டால் ‘இது கட்டாயம்’ என்கிறது. அதைத் தாண்டினால் கம்பெனி, பதவி, லிங்க்ட்இன். ஏழெட்டுத் தடவை முயன்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “விடுங்கண்ணா, நான் அந்த ஸ்கூல்ல படிக்கலைன்னே வச்சுக்கலாம்” என்றார்.

ஐயா, நெட்வொர்க் என்றால் என்ன என்று இந்த ஊருக்குச் சொல்லித் தந்ததே இவரைப் போன்றவர்கள்தான். 2016 பிப்ரவரியில் பிஎப் பணத்தில் முதலாளி கட்டிய பங்கை 58 வயதுக்கு முன்னால் எடுக்க முடியாது என்று டெல்லி ஒரு விதி போட்டது. ஏப்ரல் 18 அன்று இதே பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் பெண்கள் ஷிப்டை விட்டு இறங்கி ஓசூர் ரோட்டில் உட்கார்ந்தார்கள். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, அட்மினும் இல்லை. மறுநாளே மத்திய அரசு விதியை வாபஸ் வாங்கியது. நீங்களோ ஆண்டு விழாத் தேதியை முடிவு செய்ய மூன்று முறை ஓட்டெடுப்பு நடத்தி, கடைசியில் தள்ளி வைத்தீர்கள்.

ஒப்பிட்டுப் பேசினால் கோபிக்காதீர்கள். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டில் 2022 மார்ச்சிலேயே ‘நான் முதல்வன்’ என்று பிள்ளைகளுக்கு வழிகாட்டும் அரசுத் திட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு மஞ்சள் லைன் மெட்ரோதான் வழிகாட்டி. ஏறி உட்கார்ந்தால் இன்போசிஸ் பவுண்டேஷன் கோனப்பன அக்ரஹாரா, பயோகான் ஹெப்பகோடி, டெல்டா எலக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா என்று ஸ்டேஷன்களுக்கு வைத்த கம்பெனிப் பெயர்களை வரிசையாக வாசித்துக் காட்டுகிறது. உள்ளே எப்படி நுழைவது என்பதை மட்டும் அறிவிப்பதில்லை.

அதைச் சொல்கிற வேலை என் கடையில் நடக்கிறது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய்க்கு. எஸ்எஸ்எல்சியில் கோட்டை விட்டால் வருஷம் போய்விட்டது என்று அழுதுகொண்டு வருவார்கள். அதே வருஷத்திலேயே மறுபடி எழுத வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்து அனுப்புவேன். இரண்டு வருஷ ஐடிஐ முடித்தவன் டிப்ளமாவில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பது அவன் அப்பாவுக்குத் தெரியாது. வீட்டில் தமிழ் பேசினாலும் ஒன்றிலிருந்து பத்து வரை கன்னட மீடியம் படித்த பிள்ளைக்கு இன்ஜினியரிங் சேர்க்கைக்கான சிஇடியில் 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு ஹெட்மாஸ்டர் கையெழுத்தோடு வட்டாரக் கல்வி அதிகாரியான பிஇஓ கையெழுத்தும் வேண்டும், கடைசி நாள் சாயங்காலம் அவரைத் தேடிப் பிரயோஜனமில்லை. ஆர்டி நம்பருக்கோ, நம் காதுக்கு நாடகமும் கச்சேரியும் ஒன்றாகக் கேட்கிற அந்த நாடகச்சேரிக்கு, அதாவது வருவாய்த் துறை ஆபீசுக்கு, மனுப் போட வேண்டும்.

ஆகவே என் விண்ணப்பம். ‘பாஸ் ஆன வருஷம்’ பக்கத்தில் இருக்கிற சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். லிங்க்ட்இன் கட்டத்துக்குப் பதிலாக ‘எந்த ஆபீசில் எத்தனை நாள் அலைந்தீர்கள்?’ என்று ஒரு கட்டம் வையுங்கள். மே, ஜூன் ஞாயிறுகளில் உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராகக் கடைக்கு வந்து உட்காரலாம். ஸ்டூல் இருக்கிறது. பேட்டா வேண்டாம், ஃபேன் காற்றுக்குப் பறந்துவிடும்.

இப்படிக்கு,
2001 பேட்ச், கடைசி பெஞ்சு

இணைப்பு: மேற்படி அம்மாவின் நிரம்பாத படிவம், நகல் ஒன்று. இரண்டு ரூபாய் சங்கத்தின் கணக்கில் பாக்கி.