மேனேஜருக்கு ஒரு மேனேஜர்

எடிட்டரில் பிளகின் போடுவது வேலையைச் சுலபமாக்கத்தான் என்று புரோகிராமர்கள் சாதிப்பார்கள். என் கட்சி வேறு. கொலு வைப்பதைப் போல அது தனக்குத்தானே ஒரு வேலை. பொம்மை சேர்ப்பது, படி கட்டுவது, பக்கத்து வீட்டுப் படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து எல்லாவற்றையும் இடம் மாற்றுவது என்று சகலமும் இதிலும் உண்டு. சுண்டல் மட்டும் கிடையாது.

சாட்சிக்கு விம் எடிட்டரையே கூப்பிடலாம். 1991-இல் பிராம் மோலனார் வெளியிட்டது. அதில் ஆதியில் பிளகின் கோப்புகளை எல்லாம் ஒரே டைரக்டரிக்குள் கொட்டிவைப்பார்கள். கொட்டிய பிறகு எது எதனுடையது என்று பிரிப்பது, கல்யாண மண்டப வாசலில் செருப்பு தேடுகிற கதைதான். அதைத் தீர்க்க டிம் போப் எழுதிய பிளகின் மேனேஜருக்குப் பெயர் பேத்தஜென், அதாவது நோய்க்கிருமி. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் யாரும் உஷாராகவில்லை. வண்டில் வந்தது, விம்-பிளக் வந்தது. 2016-இல் விம் 8 பிளகின் ஏற்றும் வசதியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. வழக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். எங்கே முடிந்தது? விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் பக்கம் பேக்கர் என்று ஒன்று பேர் வாங்கி, 2023-இல் கடையைச் சாத்தியது. அங்கிருந்து பலர் குடிபோன இடத்தின் பெயர் லேஸி. பிளகினைத் தேவைப்படும் வரை எழுப்பாமல் தூங்கவிடும் சோம்பேறி. இந்த லேஸியைக் கொண்டுவருவதற்கே செட்டிங்ஸ் கோப்பின் தலைமாட்டில் சில வரிகள் எழுத வேண்டும்: லேஸி இருக்கிறதா பார், இல்லாவிட்டால் கிட் மூலம் இறக்கு. ஆக, மேனேஜரை அழைத்துவர ஒரு குட்டி மேனேஜர். வெறும் கருவிக்காக யாராவது இத்தனை தடவை வீடு மாறுவார்களா?

நேரம் மிச்சமாகிறதே என்பார்கள். கணக்கையே பார்ப்போம். எந்தப் பிளகின் எத்தனை மில்லிசெகண்ட் தின்றது என்று லேஸி புட்டுப்புட்டு வைக்கும். அதை வைத்துக்கொண்டு ஒருவர் எடிட்டர் திறக்கும் நேரத்தில் 150 மில்லிசெகண்டைக் குறைக்கிறார் என்று வையுங்கள். தினம் 20 தடவை திறந்தால் மிச்சம் 3 செகண்ட். 250 வேலைநாளுக்குப் பன்னிரண்டரை நிமிஷம். இதற்கு ஒரு சனிக்கிழமை நாலு மணி நேரம் செலவாகியிருந்தால், அந்தக் கடன் அடைய 19 வருஷம் ஆகும். அதே மனிதர், எஸ்கேப் விசை தூரமாக இருக்கிறதென்று, ஜே, கே இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் எஸ்கேப் என்று மாற்றிவைத்திருப்பார். அதன் பிறகு ஜே தட்டி நிறுத்தினால், கே வருமோ என்று விம் ஒரு முழு செகண்ட் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பாக்கியும் வரவும் அங்கேயே நேராகிவிடுகிறது.

உபயோகமான பிளகினே இல்லையா என்றால், உண்டு. ஒரு ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று நொடியில் கொண்டுபோய் நிறுத்துவதை எவன் குறை சொல்வான்? ஆனால் அந்த ரகம் ஐந்தோ ஆறோதான் தேறும். மிச்சமெல்லாம் அலங்காரம்: கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் படம், அந்தப் படம் வெறும் கட்டமாகத் தெரியாமலிருக்க ஒரு தனி ஃபான்ட்.

விஎஸ் கோடுகாரர்கள் எங்களுக்கு இந்த வம்பே இல்லை என்பார்கள். அவர்கள் எடிட்டரிலேயே எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்களில் (அங்கே பிளகினுக்கு அதுதான் பெயர்) பாதியை அணைத்துவிட்டு, கோளாறு இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். பிறகு அதில் பாதி. 40 இருந்தால் ஆறு சுற்றுக்குள் குற்றவாளி சிக்கிவிடும். வம்பே இல்லாத ஊரில் போலீஸ் ஸ்டேஷன் எதற்கு? சிக்கியதைத் தூக்கிய கையோடு, அந்த இடத்துக்கு வேறொன்று தேட ஆரம்பிப்பார்கள். படி காலியாகக் கிடந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?